அடுத்தவர் மூக்கு

“சிகரெட்டா? சேச்சே, அதை நான் தொடறதே இல்லை” என்பார் பைப்புக்காரர். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொல்லும்போது வாயின் இடது ஓரத்தில் பைப் தொங்கிக்கொண்டிருக்கும். சிகரெட் பிடிக்கிறவன் அவர் கணக்கில் அவசரக்காரன், அடிமை, நாக்கு செத்தவன். தம்முடையது ரசனை. தோடிக்கும் தன்யாசிக்கும் வித்தியாசம் தெரியாதவன் சபாவில் முன்வரிசை டிக்கெட் வாங்கலாமா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தீக்குச்சியைக் கிழிப்பார்.

அமெரிக்கப் புறநகர்த் தமிழர் வீடுகளுக்குப் போய்வந்தவர்களுக்கு இவரைத் தெரியும். மாடியில் பூஜை அறை, கீழே ஹால், அதற்கும் கீழே பேஸ்மென்ட். மற்ற வீட்டு பேஸ்மென்ட்டில் துணி காயப்போடுகிற ட்ரெட்மில்லும் உடைந்த பொம்மைகளும் கிடக்கும். இவர் வீட்டில் இரும்பு அலமாரி நிறையக் கண்ணாடி ஜாடிகள். 1858இல் ஜான் மேசன் காப்புரிமை வாங்கிய அதே திருகுமூடி ஜாடிகள்தான். கோடையில் விளைந்த பழத்தையும் காய்கறியையும் குளிர்காலத்துக்குப் பத்திரப்படுத்த அமெரிக்கக் குடும்பங்களுக்குக் கைகொடுத்தவை. இவர் புகையிலை போட்டு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு: கலவையின் பெயர், அடைத்த தேதி, திறக்கவேண்டிய தேதி. வர்ஜினியா இலையில் சர்க்கரை அதிகம், காற்றுப் புகாமல் அடைத்து வைத்தால் வருஷம் ஏற ஏற மெருகேறும் என்பார். அந்தக் கணக்குப்படி சில ஜாடிகளைத் திறக்கும்போது அவருக்கு எண்பது வயது ஆகியிருக்கும். வீட்டம்மாவின் ஆவக்காயும் அதே மாதிரி ஜாடியில் அதே அலமாரியின் கடைசித் தட்டில் இருக்கிறது. அந்த அலமாரியில் காலியாகிற ஜாடி அது ஒன்றுதான்.

இத்தனை இருந்தும் அவர் நிம்மதியாக ஒரு பைப் பிடித்ததை யாரும் பார்த்ததில்லை. எதைப் பற்றவைத்தாலும் இன்னொன்றோடு ஒப்பிட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பைப், இரண்டு கலவை, நடுவில் நாக்கைக் கழுவ சோடா. ஒரு கலவையின் வாசனை பைப்பின் மரத்தில் ஏறிக்கொண்டு அடுத்த கலவையைக் கெடுத்துவிடும் என்பதால் வகைக்கு ஒரு பைப். புதிதாக வந்ததைச் சோதிக்க மட்டும், மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரைக் குடைந்து மிசௌரி மாநிலத்தில் செய்கிற மலிவான பைப். பக்கத்தில் ஒரு நோட்டு. பிடித்த புகையை உள்ளே இழுப்பதில்லை. வாயில் வைத்திருந்து, மூக்கு வழியாகக் கொஞ்சம் விட்டு, கூரையைப் பார்த்து யோசித்துவிட்டு எழுதுவார். எழுதி முடிப்பதற்குள் பைப் அணைந்துவிடும்.

இதெல்லாம் அவரோடு போகட்டும். விருந்தாளிக்கு வருகிற ஆபத்து வேறு.

அது சாப்பாடு முடிந்து கை கழுவித் திரும்புகிற நேரத்தில் வரும். அடுக்களையில் டிகாக்‌ஷன் இறங்கிக்கொண்டிருக்கும். பைப்புக்காரர் சத்தமில்லாமல் பேஸ்மென்ட்டுக்குப் போய், தட்டை டப்பாக்கள் ஐந்தாறை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறி வருவார். ஒன்றின் விளிம்பில் காசை நுழைத்துத் திருகுவார். ‘ப்ஸ்’ என்று காற்று புகும். மூடியை எடுத்துவிட்டு, டப்பாவை விருந்தாளியின் மூக்குக்கு இரண்டு அங்குலத்தில் நீட்டுவார்.

“மோந்து பாருங்க.”

மோந்து பார்ப்பதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. அடுத்த கேள்விதான் கஷ்டம்.

“என்ன தெரியுது?”

“புகையிலை” என்று பதில் சொன்னவர்கள் இருக்கிறார்கள். அவர் பெருமூச்சு விட்டு, பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி, “அது சரி, அதுக்கு அடியிலே?” என்பார். “நல்லா இருக்கு” என்பது அதைவிட மோசமான பதில். அப்படிச் சொன்னவருக்கு அதே டப்பா மறுபடி நீட்டப்படும்.

முதலில் வருவது பெரும்பாலும் லடாக்கியா. சிரியாவின் துறைமுக ஊர் அது. அந்தப் பக்கத்து இலையை வெயிலில் உலர்த்தி, மணமுள்ள மரங்களையும் செடிகளையும் எரித்து அந்தப் புகையில் தொங்கவிட்டுக் கரேலென்று ஆக்குவார்கள். நெடுங்காலமாகக் கடைக்கு வருவது சைப்ரஸ் சரக்குதான். சிரியாவின் சரக்கை யாராவது பதுக்கி வைத்திருந்தால் நம்ம ஆள் அவருக்குத் தூரத்து உறவாகிவிடுவார். இந்த டப்பாவை மோந்த தூத்துக்குடிக்காரர் ஒருவர் மனதில் பட்டதைச் சொன்னார்: “மாசிக் கருவாடு மாதிரி இருக்குண்ணே.”

பைப்புக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். தோல் நாற்காலி என்று சொல்லியிருக்கலாம். பைன் மரக் காடு, கணப்பில் அணைந்த கட்டை, நூறு வருஷத்து நூலகம், இவற்றில் எதையாவது சொல்லியிருக்கலாம். இவை மட்டுமே அவரிடம் செல்லுபடியாகும் விடைகள். விருந்தாளி பிறந்ததிலிருந்து பைன் மரக் காட்டுக்குள் போனதில்லை, கணப்பு முன்னால் உட்கார்ந்ததில்லை என்பதெல்லாம் வாதமாகாது. சூரை மீனை வேகவைத்து, புகையில் போட்டு, வெயிலில் காயவைத்தால்தான் மாசி. இலைக்கு நடந்ததும் கிட்டத்தட்ட அதுதானே? தூத்துக்குடிக்காரரின் மூக்கில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நோட்டில் ‘கருவாடு’ ஏறவில்லை.

இரண்டாவது டப்பா இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தை ஒட்டிய கெண்டல் ஊர்ச் சரக்கு. 1792 முதல் மூக்குப்பொடியும் புகையிலையும் செய்துவரும் ஊர். அங்கே சில கலவைகளில் பூக்களின் சாறும் எண்ணெயும் தாராளமாகச் சேர்ப்பார்கள். திறந்ததும் குளியலறைக் கதவைத் திறந்த மாதிரி இருக்கும். “சோப்பு” என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். உலகம் முழுக்க பைப் பிடிக்கிறவர்களும் அதையேதான் சொல்கிறார்கள். இவர் மட்டும் ஒப்புக்கொள்வதில்லை. “சோப்புன்னு சொல்லக் கூடாது. ஜெரேனியம்.” வந்திருந்த ஒரு பாட்டியம்மா மோந்து பார்த்துவிட்டு, “எங்க மாமியார் பீரோ” என்றார். அது என்ன காரணத்தினாலோ அவருக்குப் பிடித்துப்போய் நோட்டில் ஏறியது. அந்தப் பாட்டி அதற்குப் பிறகு எல்லா டப்பாவுக்கும் மாமியாரின் சாமான் ஒன்றைச் சொல்லிக்கொண்டே வந்தார்: ட்ரங்குப் பெட்டி, விசிறி, கடைசியில் மாமியாரே.

மூன்றாவதில் பெரீக் இருக்கும். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்துச் சரக்கு. இலையை விஸ்கிப் பீப்பாயில் திணித்து, திருகு வைத்து அழுத்தி, அதன் சாற்றிலேயே ஊறவிட்டு, நடுநடுவே எடுத்து உதறிக் காற்றாட விட்டு, மறுபடி அழுத்துவார்கள். மாதக்கணக்கில் இந்த வேலை நடக்கும். ஊறுகாய் போடுகிறவர்களுக்குப் புரிகிற தொழில். அதனால் விருந்தாளி சத்தியமாக, “அடிமாங்காய், புளிச்சது” என்று சொல்கிறார். வீட்டம்மா அடுக்களையிலிருந்து, “பத்து வருஷமா நானும் அதையேதான் சொல்றேன்” என்கிறார்.

“அத்திப்பழம்” என்று திருத்துவார் பைப்புக்காரர். “வேகவச்ச அத்திப்பழம். மேலே மிளகு. தெரியலையா? அவசரப்படாதீங்க. வாயைக் கொஞ்சம் திறந்துகிட்டு மோந்து பாருங்க.”

விருந்தாளி வாயைத் திறந்துகொண்டு மோந்து பார்ப்பார். தெரியாது. மறுபடி பார்ப்பார். காபி ஆறிக்கொண்டிருப்பது தெரியும். “ஆமா, லேசா... அத்திப்பழம்” என்று கடைசியில் வாக்குமூலம் கொடுப்பார். பைப்புக்காரரின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டுமே! தம்முடைய மூக்கை அவர் நம்புவதில்லை, அதுதான் விஷயம். தான் மோந்ததை இன்னொரு மூக்கு வழிமொழிந்தால்தான் அவருக்கு அது வாசனை. அதற்காகத்தான் விருந்து, பாயசம் எல்லாம். விடுதலையான விருந்தாளி டம்ளரை எடுத்தால் காபி சைப்ரஸ் வாசனை அடிக்கும்.

இந்தத் தேர்வில் அவரைத் தோற்கடித்தவர் ஒருவர்தான்: ஆறு மாசம் தங்க வந்த மாமனார். வேதாரண்யம் பக்கம். ஐம்பது வருஷமாக வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். மாப்பிள்ளை மரியாதையாகக் கெண்டலின் கறுப்புக் கயிற்றை எடுத்துக் காட்டினார். கயிறு என்றால் கயிறேதான். இலையை விரல் பருமனுக்குத் திரித்து, அவித்து, சுருட்டி விற்பார்கள். பைப்புக்காரர்களிலேயே திடமானவர்கள் மட்டும் சின்ன வில்லைகளாக வெட்டிப் பிடிப்பது. மாமனார் அதை வாங்கிப் பார்த்தார். மோந்து பார்க்கவில்லை. பாக்குவெட்டியை எடுத்தார், ஒரு துண்டு நறுக்கினார், கன்னத்தில் அடக்கிக்கொண்டார்.

“மாமா! அது பிடிக்கிறது மாமா, மெல்றதில்லை!”

மாமனார் நிதானமாக மென்றார். “காரம் பரவாயில்லை மாப்ளே. எண்ணெய் தொட்டுத் திரிச்சிருக்கான். சுண்ணாம்போட சேராது.”

எண்ணெய் தொட்டுத் திரிப்பார்கள் என்பதை மாப்பிள்ளை புத்தகம் புரட்டித் தெரிந்துகொண்டிருந்தார். மாமனாருக்கு அரை நிமிஷம் போதுமாக இருந்தது. அவர் செய்தது தப்பும் அல்ல. இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் எரிவாயு பற்றிக்கொள்ளும் என்பதால் உள்ளே நெருப்புக்குத் தடை. தொழிலாளிகள் இதே கயிற்றைத்தான் கன்னத்தில் அடக்கிக்கொண்டு இறங்கினார்கள். மாமனார் ஊருக்குக் கிளம்பும்போது அந்த ஜாடியில் பாதி காணவில்லை. மாப்பிள்ளைக்கு அதில் வருத்தமில்லை. ‘சுண்ணாம்போட சேராது’ என்று நோட்டில் எழுதி, தேதியும் போட்டு வைத்திருக்கிறார்.

மூக்குத் தேர்வு நடக்காத நேரத்தில் சரித்திரப் பாடம் நடக்கும். மஞ்சள் வர்ஜினியா எப்படி வந்தது? 1839இல் வட கரோலினாவில் ஸ்டீபன் என்ற அடிமைத் தொழிலாளி இலை உலர்த்தும் கொட்டகையில் இரவுக் காவலில் தூங்கிவிட்டார். நெருப்பு அணையப் போவதைப் பார்த்துக் கரியை அள்ளிப்போட, திடீர்ச் சூட்டில் இலை பளீரென்று மஞ்சளாகிவிட்டது. பீட்டர் பானைப் படைத்த ஜே. எம். பேரி 1890இல் தம் புகைப் பழக்கத்தைப் பற்றியே ஒரு நகைச்சுவைப் புத்தகம் எழுதி, அதில் ‘ஆர்கேடியா’ என்று ஒரு கலவையைத் தெய்வமாக்கி வைத்தார். அது லண்டன் கரேராஸ் கடையின் கிரேவன் கலவைதான் என்று பின்னால் ஒப்புக்கொண்டார், கடைக்காரர் அதை விளம்பரமாகப் போட்டுக் காசு பார்த்தார். இந்தக் கதைகளைச் சொல்லும்போது பைப்புக்காரர் உண்மையிலேயே நன்றாக இருப்பார். குரல் தணியும், கை அபிநயம் பிடிக்கும், யாரையும் எதையும் மோந்து பார்க்கச் சொல்ல மாட்டார்.

டன்ஹில் பேச்சு வந்தால் மட்டும் ஓடிவிட வேண்டும். அந்தப் பெயர் தாங்கிய கலவைகள் ஒரு காலத்தில் பெல்ஃபாஸ்டில் மரே தொழிற்சாலையில் தயாராயின. அது மூடியதும் டென்மார்க்குக்குப் போயின. 2018 வாக்கில் டன்ஹில் என்ற பெயரே பைப் புகையிலையிலிருந்து விலக, இப்போது பீட்டர்சன் பெயரில் வருகின்றன. குறிப்பு ஒன்றுதான், சுவை ஒன்றா? பெல்ஃபாஸ்ட் டப்பா ஒன்று, டென்மார்க் டப்பா ஒன்று, பீட்டர்சன் டப்பா ஒன்று என்று வரிசையாகத் திறந்து ராத்திரி பதினொரு மணிக்கு ஆரம்பிப்பார். பழையதற்கு இருபது வயது, புதியதற்கு ஒரு வயது. வயசு வித்தியாசமே சுவை வித்தியாசமாக இருக்கலாமே என்று ஒரு மருமான் கேட்டான். பைப்புக்காரர் பேச்சை மாற்றிப் பூனையைக் கூப்பிட்டார்.

இந்த வகையினரில் ஒருவர் உறையூரில் பிறந்தவர் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை. பெயர் வேண்டாம், படித்தால் அவருக்கே தெரியும். ஷெர்லாக் ஹோம்ஸ் நூற்று நாற்பது வகைப் புகையிலைச் சாம்பலை ஆராய்ந்து கட்டுரை எழுதியவர் என்று கானன் டாயில் 1890இல் வெளிவந்த நாவலில் சொல்கிறார். அதற்கு முன்பே, 1887இல் வந்த முதல் ஹோம்ஸ் நாவலில், கொலை நடந்த வீட்டில் கிடந்த சாம்பலைப் பார்த்து இது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்று ஹோம்ஸ் அடித்துச் சொல்கிறார். லண்டன் துப்பறியும் நிபுணர் சாம்பலிலேயே அடையாளம் கண்ட சரக்கு நம்மவரின் சொந்த ஊர்ச் சரக்கு. நம்மவர் அதைத் தொட்டதில்லை. “அது வெறும் காரம் சார், அடுக்கே கிடையாது” என்று ஒதுக்கிவிடுகிறார்.

போன கோடையில் அவர் குடும்பம் இங்கிலாந்துச் சுற்றுலா போனது. வேர்ட்ஸ்வொர்த் வாழ்ந்த வீடு, ஏரியில் படகு என்று பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்டது. அந்த ஏரிகளுக்குப் போகிற வழியில் கெண்டல் இருப்பது தற்செயல் என்றும் சொல்லப்பட்டது. படகு சவாரி நடக்கவில்லை. பிள்ளைகளுக்கு அந்த ஊரின் புதினா மிட்டாய் வாங்கிக் கொடுத்துச் சமாதானம் செய்தார். 1953இல் எவரெஸ்ட் ஏறியவர்கள் எடுத்துப்போன மிட்டாய் என்று அதற்கும் ஒரு சரித்திரம் சொன்னார்.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிமேல் கொஞ்சம் கஷ்டம்.

அவர் புகை விடுகிற ஹாலில் மற்றவர்களும் இருக்கிறார்கள். அந்த வாசனைக்கும் தனியாக மதிப்பெண் போடுகிறார்: அறை மணம், ஐந்துக்கு நாலு. போடுகிறவர் அவர்; சோபாவில், திரைச்சீலையில், பட்டுப்புடவையில், பெண்ணின் பள்ளிக்கூடப் பையில் அதைச் சுமக்கிறவர்கள் வேறு பேர். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிற பையன் என்ன சொன்னான் என்று அந்தப் பெண் ஒருநாள் வீட்டில் சொன்னாள். “அது வனிலா வாசனை, அவனுக்கு என்ன தெரியும்” என்றார் அப்பா. ஜன்னலைத் திறக்கச் சொன்னால் காற்றடித்து ஈரப்பதம் கெடும் என்கிறார். யாருடைய ஈரப்பதம்? புகையிலையுடையது.

உடம்புப் பேச்சை எடுத்தால் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் 1964 அறிக்கை தயாராக வரும். பைப் பிடிப்பவர்களின் இறப்பு விகிதம் பிடிக்காதவர்களைவிடப் பெரிதாக அதிகமில்லை என்று அதில் உண்மையாகவே இருக்கிறது. அந்த இடம் அவருக்கு மனப்பாடம். உதட்டுப் புற்றுநோயைப் பற்றி அதே அறிக்கை எச்சரித்த இடம் மனப்பாடம் இல்லை. அமெரிக்கப் புற்றுநோய்க் கழகத்தின் ஆய்வாளர்கள், பைப் மட்டுமே பிடித்த ஆண்களைப் பல வருஷம் பின்தொடர்ந்து 2004இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் அவர் காதுக்கு எட்டவில்லை. புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால் நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் ஆபத்து இவர்களுக்கு ஐந்து மடங்கு. தொண்டை, உணவுக்குழாய் எல்லாவற்றிலும் கூடுதல். ஒப்பிடுவதற்கென்றே பிறந்த மனிதர் இந்த ஒப்பீட்டை மட்டும் நோட்டில் ஏற்றவில்லை. கேட்டால் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலைக் கூப்பிடுவார். 1948 அக்டோபரில் நார்வேயில் ரஸ்ஸல் வந்த விமானம் கடலில் கவிழ்ந்து 19 பேர் இறந்தார்கள். புகைபிடிப்போர் பகுதியில் இடம் கேட்டு உட்கார்ந்ததால் ரஸ்ஸல் பிழைத்தார். நடந்த கதைதான். ஆனால் நியூஜெர்சி ஹாலில் சோபாவில் உட்கார்ந்திருப்பவர் எந்தக் கடலில் விழப்போகிறார்?

2016இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பைப் புகையிலையையும் தன் விதிகளுக்குள் கொண்டுவந்தது. அனுமதியில்லாமல் புதுக் கலவைகள் சந்தைக்கு வரக்கூடாது, இலவச மாதிரிகள் கொடுக்கக்கூடாது என்றாயிற்று. அந்த ஆகஸ்டில் பைப்புக்காரர் வாங்கிக் குவித்ததுதான் இன்று அலமாரியின் இரண்டாம் வரிசை. அவர் பெண் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தாள்: இப்போது பிடிக்கிற வேகத்தில் அந்த வரிசையை முடிக்க அப்பா நூற்றுப் பத்து வயது வரை இருக்க வேண்டும். அவரிடம் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, மெதுவாகப் பிடிப்பதில் போட்டியே உண்டு என்று ஆரம்பித்தார். மூன்று கிராம் புகையிலை, இரண்டு தீக்குச்சி. அணையாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அவள் கேட்டது அதுவல்ல.

அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்களுக்கு: துவைக்கிற சட்டையாகப் போட்டுக்கொண்டு போங்கள். காபியைச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே கேட்டு வாங்கிக் குடித்துவிடுங்கள். டப்பா நீண்டதும், எந்த டப்பாவாக இருந்தாலும், “அத்திப்பழம்” என்று சொல்லுங்கள். இரண்டாம் கேள்வி வராது. அவர் தீக்குச்சியைக் கிழித்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுங்கள். ஏன் போகிறீர்கள் என்று கேட்டால், காரணத்தை மூடி மறைக்காமல் சொல்லிவிட்டுப் போங்கள்.